என் வாட்ஸ்அப் சாட்டை யாரோ படித்திருக்கிறார்கள், எந்த ஆப்புக்கு மாறுவது?

நிலாமுற்றம்:

மூன்று நாளாகச் சரியான தூக்கம் இல்லை. நானும் அக்காவும் வாட்ஸ்அப்பில் மட்டும் பேசிக்கொண்ட ஒரு விஷயம், என் உடம்பு சம்பந்தப்பட்டது, அம்மாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. அதை வேலையிடத்தில் ஒருவர் என்னிடமே வந்து "ரிப்போர்ட் வந்துவிட்டதா, டாக்டர் என்ன சொன்னார்" என்று கேட்கிறார். கைகால் உதறிவிட்டது. அக்கா யாரிடமும் வாய் திறந்திருக்க மாட்டாள், அவளை எனக்குத் தெரியும். எண்ட் டு எண்ட் என்க்ரிப்ஷன், அதாவது பேசுகிறவர்களைத் தவிர யாரும் திறக்க முடியாத பூட்டு, எங்களால்கூடப் படிக்க முடியாது என்று சாட்டின் உச்சியில் எழுதி வைத்திருக்கிறார்களே, அப்புறம் இது எப்படி நடந்தது?

இனி அந்த ஆப்பே வேண்டாம் என்று ஆகிவிட்டது. நான், அக்கா, அம்மா, இரண்டு தோழிகள், மொத்தம் ஐந்து பேர் சேர்ந்து வேறு ஒன்றுக்குப் போய்விடலாம் என்று இருக்கிறோம். தேடினால் சிக்னல், டெலிகிராம், செஷன், திரீமா, பிரையர் என்று வரிசையாக வருகிறது, ஒவ்வொன்றும் தன்னைத்தான் பாதுகாப்பானது என்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெண்புறா77:

டெலிகிராம் வாருங்கள் தோழி. பல வருடமாக அதில்தான் இருக்கிறேன். ஃபோனில், கணினியில், டேப்லெட்டில் எதில் திறந்தாலும் எல்லாச் சாட்டும் இருக்கும், ஃபோன் தொலைந்தாலும் ஒன்றும் போகாது. நம்பரை மறைத்து யூசர்நேமில் பேசலாம். ரகசிய சாட் வசதியும் இருக்கிறது.

பூட்டுச்சாவி:

வெண்புறா, நீங்கள் முதலில் சொன்ன வசதியில்தான் சிக்கலே இருக்கிறது. ஃபோன் தொலைந்து, புது ஃபோனில் நுழைந்ததும் பழைய சாட் எல்லாம் அப்படியே வருகிறது என்றால் அது எங்கே இருந்தது? அவர்களுடைய சர்வரில். பூட்டித்தான் வைத்திருக்கிறார்கள், ஆனால் சாவியும் அவர்கள் கையில்தான். எழுதும் செய்திக்கு எண்ட் டு எண்ட் என்பது ரகசிய சாட்டில் மட்டும், அதையும் ஒவ்வொருவரோடும் நாமாகத் தனியாகத் தொடங்க வேண்டும், இருவர் பேசும் சாட்டில்தான் முடியும். குழுவுக்குக் கிடையவே கிடையாது. இவர்கள் ஐந்து பேர் கொண்ட குழு, அப்படியென்றால் கதை அங்கேயே முடிந்தது. 2024 ஆகஸ்டில் டெலிகிராமைத் தொடங்கிய பாவெல் துரோவ் பாரிஸ் பக்கத்தில் கைதானார், அடுத்த மாதமே விதிமுறையைத் திருத்தி, முறையான சட்டக் கோரிக்கை வந்தால் ஐபி முகவரியும் (இணையத்தில் நம் இணைப்பைக் காட்டும் எண்) ஃபோன் நம்பரும் கொடுப்போம் என்று எழுதிவிட்டார்கள். சேனல் படிக்க டெலிகிராம் நன்றாக இருக்கும், அக்காவோடு மனம் விட்டுப் பேச அது இடமில்லை.

என் ஓட்டு சிக்னலுக்கு. லாப நோக்கமில்லாத ஒரு அறக்கட்டளை நடத்துகிறது, விளம்பரம் கிடையாது, ஆப்பின் நிரல் வெளியே கிடக்கிறது, யாரும் எடுத்துப் படிக்கலாம். 2016-இல் அமெரிக்காவில் வர்ஜீனியா பக்கம் ஒரு விசாரணைக்காக இவர்களுக்குச் சம்மன் வந்தது. எல்லாத் தகவலையும் கொடு என்றார்கள். இவர்களால் கொடுக்க முடிந்தது இரண்டே இரண்டு: கணக்கு எப்போது தொடங்கியது, கடைசியாக எப்போது சர்வரோடு தொடர்பில் இருந்தது. யாரோடு பேசினார், எந்தக் குழுவில் இருந்தார், எதுவும் இல்லை. ஒளித்து வைக்கவில்லை, அவர்களிடமே இல்லை. ஒரு ஆப்பை எடைபோட நான் பார்ப்பது இதைத்தான், கேட்டால் எதைக் கொடுப்பார்கள் என்பதை.

கதிர்_நிரல்:

கொஞ்சம் பொறுங்கள். எல்லோரும் எங்கே போவது என்று பேசுகிறீர்கள், விஷயம் எப்படி வெளியே போனது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஓட்டை எங்கே என்று தெரியாமல் வீடு மாறினால் அதே ஓட்டை கூடவே வரும்.

நிலாமுற்றம், வாட்ஸ்அப் பயன்படுத்துவதும் சிக்னலின் அதே நெறிமுறைதான், அதாவது செய்தியைப் பூட்டும் அதே முறை, 2016 ஏப்ரலிலிருந்து எல்லோருக்கும் அதுதான். நடுவழியில் உடைத்துப் படிப்பது உங்கள் சக ஊழியரால் ஆகிற காரியமில்லை. அப்படியென்றால் மிச்சமிருப்பது இரண்டு முனைகள், உங்கள் பக்கம் அல்லது அக்கா பக்கம். இப்போதே ஒரு காரியம் செய்யுங்கள். செட்டிங்ஸில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்று ஒன்று இருக்கும், அதைத் திறந்து என்ன தெரிகிறது என்று சொல்லுங்கள். எதையும் லாக் அவுட் செய்ய வேண்டாம், முதலில் பாருங்கள்.

நிலாமுற்றம்:

பார்த்தேன்.

ஒன்று இருக்கிறது. கூகுள் குரோம், விண்டோஸ் என்று போட்டிருக்கிறது. கடைசியாக இயங்கியது இன்று காலை 9:40. வீட்டில் என்னிடம் கணினியே இல்லை.

இப்போது ஞாபகம் வருகிறது. ஏழெட்டு மாதத்துக்கு முன்னால் ஆபீஸில் ஒரு பிடிஎஃப் பிரிண்ட் எடுக்க வேண்டியிருந்தது. பொதுவில் எல்லோரும் உட்காரும் கணினியில் வாட்ஸ்அப் வெப் திறந்து க்யூஆர் ஸ்கேன் செய்தேன், பிரிண்ட் எடுத்தேன், பக்கத்தை மூடிவிட்டு வந்துவிட்டேன். லாக் அவுட் செய்யவில்லை. பக்கத்தை மூடினால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். அன்றிலிருந்து அக்காவோடு பேசியது எல்லாமே அங்கே திறந்து கிடந்திருக்கிறது.

கதிர்_நிரல்:

இதற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். நிறைய பேருக்கு நடப்பதுதான், திரையை மூடினால் தொடர்பும் போய்விடும் என்று யாரும் நினைப்பார்கள். அந்தக் கணினியில் யாராவது அடிக்கடி திறந்துகொண்டே இருந்து, உங்கள் ஃபோனும் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தால், இணைப்பு தானாக அறுந்து போகாது. ஃபோனை 14 நாளுக்கு மேல் தொடாமல் இருந்தால் அறுக்கும்.

வரிசையாகச் செய்யுங்கள். அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளையும் நேரமும் தெரியட்டும், நாளை யாரிடமாவது புகார் சொல்வதாக இருந்தால் கையில் இருக்க வேண்டியது அது. அப்புறம் லாக் அவுட். அப்புறம் இரண்டடுக்குச் சரிபார்ப்பு, அதாவது அந்த 6 இலக்கப் பின், இல்லையென்றால் இப்போதே போடுங்கள். அக்காவின் ஃபோனிலும் இதே பட்டியலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எழிலி:

படிக்கும்போதே வயிற்றைக் கலக்குகிறது. உங்கள் பிழை லாக் அவுட் செய்யாமல் விட்டது, அவ்வளவுதான். திறந்து கிடந்தாலும் அடுத்தவர் கடிதம் என்று தெரிந்ததும் கண்ணைத் திருப்பிக்கொள்வதுதான் முறை. அந்த ஆபீஸ்காரர் மாதக்கணக்கில் உட்கார்ந்து படித்திருக்கிறார். அதை மறந்துவிட வேண்டாம்.

பூட்டுச்சாவி:

கதிர் கேட்டது சரியான கேள்வி, நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். சிக்னலிலும் இதே இணைக்கப்பட்ட சாதனங்கள் பட்டியல் உண்டு, இதே க்யூஆர் உண்டு. 2025 பிப்ரவரியில் கூகுளின் பாதுகாப்புக் குழு ஒரு அறிக்கை வெளியிட்டது, ரஷ்யச் சார்புள்ள குழுக்கள் சிக்னல் கணக்குகளைப் பிடித்த விதம் பற்றி. குறியாக்கத்தை, அதாவது அந்த என்க்ரிப்ஷனை, யாரும் உடைக்கவில்லை. குழுவில் சேர அழைப்பு என்பதுபோல் ஒரு க்யூஆர் அனுப்பி ஸ்கேன் செய்ய வைத்தார்கள், ஸ்கேன் செய்தவரின் கணக்கு அவர்களுடைய கணினியோடு இணைந்துவிட்டது. அதன்பின் வரும் செய்தி எல்லாம் இரண்டு இடத்திலும் விழும். ஆகவே எந்த ஆப்புக்குப் போனாலும் மாதம் ஒருமுறை அந்தப் பட்டியலைத் திறந்து பார்ப்பது பழக்கமாக வேண்டும்.

வெண்புறா77:

பூட்டுச்சாவி சொன்னதைப் போய்ப் பார்த்தேன். என் குழு எதிலும் பூட்டு இல்லை என்பது உண்மைதான். இத்தனை வருடம் இருக்கிறது என்றே நம்பிக்கொண்டிருந்தேன். என் மனைவியோடு பேசும் சாட்டும் சாதாரண சாட்டாகத்தான் இருக்கிறது. சரி, ஒரு சந்தேகம். ஓட்டை அந்தக் கணினிதான் என்று தெரிந்துவிட்டதே, இனி இவர் வாட்ஸ்அப்பிலேயே இருந்தால் என்ன? எதற்கு மாற வேண்டும்?

தொலைவிளக்கு:

இருக்கலாம், தப்பில்லை. ஆனால் என்ன கொடுத்துவிட்டு இருக்கிறோம் என்று தெரிந்து இருக்க வேண்டும்.

செய்தியின் உள்ளே இருப்பதை வாட்ஸ்அப் பார்க்காது. உறையின் மேல் இருப்பதைப் பார்க்கும். யார் யாருக்கு, எந்த நேரத்தில், எத்தனை தடவை, எந்தக் குழுவில், எந்த ஐபியிலிருந்து, ஃபோனில் யார் யாருடைய நம்பர் இருக்கிறது. ஒருவர் இரவு 11 மணிக்கு ஒரு மருத்துவருக்கு எழுதி, 11:10-க்கு அக்காவுக்கு எழுதி, மறுநாள் காலை ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு எழுதினால், உள்ளே ஒரு எழுத்துகூடப் படிக்காமல் கதை புரிந்துவிடும். சிக்னல் இதையும் குறைக்க மெனக்கெடுகிறது. 2018-இலேயே அனுப்புநர் பெயரை உறைக்குள் வைத்து ஒட்டும் வழியைக் கொண்டுவந்தார்கள், சர்வருக்கு யாருக்குப் போகிறது என்று தெரியும், யாரிடமிருந்து என்பது உறையில் இருக்காது.

ஃபோன் நம்பர் விஷயம் வேறு. 2025 நவம்பரில் வியன்னா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வாட்ஸ்அப்பில் இந்த நம்பர் இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டே சுமார் 350 கோடி கணக்குகளைப் பட்டியலிட்டுக் காட்டினார்கள். எல்லோருக்கும் தெரியும்படி புரொஃபைல் படம் வைத்திருந்தவர்களின் படமும் கிடைத்தது. அவர்கள் சொன்ன பிறகு வாட்ஸ்அப் அந்த வழியை அடைத்துவிட்டது. இருந்தாலும் பாடம் எளிது: புரொஃபைல் படம், அபவுட், கடைசியாகப் பார்த்த நேரம் மூன்றையும் உங்கள் காண்டாக்ட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று வையுங்கள்.

இன்னொன்று, பேக்கப். இதுதான் பலருக்குத் தெரியாத பெரிய ஓட்டை. வாட்ஸ்அப் சாட் கூகுள் டிரைவுக்கோ ஐகிளவுடுக்கோ போகும்போது எண்ட் டு எண்ட் பூட்டு தானாக வருவதில்லை. 2021 கடைசியில் அந்த வசதி வந்தது, ஆனால் நாமே போய் இயக்க வேண்டும், கடவுச்சொல்லோ 64 இலக்கச் சாவியோ வைக்க வேண்டும். நீங்கள் இயக்கி, அக்கா இயக்கவில்லை என்றால் அதே உரையாடலின் இன்னொரு பிரதி அக்காவின் கணக்கில் திறந்து கிடக்கிறது. ஐஃபோனில் இருக்கும் ஐமெசேஜிலும் கிட்டத்தட்ட இதே கதை, சாதாரண ஐகிளவுடு பேக்கப்பில் சாவியும் சேர்ந்து போய்விடும், 2022 கடைசியில் வந்த உயர்நிலைத் தரவுப் பாதுகாப்பை (அட்வான்ஸ்ட் டேட்டா புரொடெக்ஷன்) இயக்கினால்தான் அது அடைபடும்.

மழைக்காகிதம்:

எல்லோரும் சிக்னல் என்கிறீர்கள். கணக்குத் தொடங்க அதற்கும் ஃபோன் நம்பர் வேண்டும், சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் நீங்கள். உண்மையான அந்தரங்கம் வேண்டுமென்றால் செஷன் அல்லது சிம்பிள்எக்ஸ். செஷனில் நம்பரும் வேண்டாம், மின்னஞ்சலும் வேண்டாம், செய்தி பல கணினிகள் வழியாகச் சுற்றிப் போகும், உங்கள் ஐபி எதிராளிக்குத் தெரியாது. சிம்பிள்எக்ஸில் கணக்கு எண் என்ற ஒன்றே இல்லை.

பூட்டுச்சாவி:

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, மழை. ஆனால் நம்பரைக் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் 2024 பிப்ரவரியோடு போய்விட்டது. யூசர்நேம் வைத்துக்கொண்டு, நம்பரை வைத்து என்னை யாரும் தேட முடியாது என்று செட்டிங்கை மாற்றிவிடலாம். தொடங்கும்போது நம்பர் வேண்டும் என்பது இன்னும் இருக்கிறது, அதை மறுக்கவில்லை.

செஷன் பற்றி ஒரு கவலை. சிக்னலில் ஒவ்வொரு செய்திக்கும் சாவி மாறிக்கொண்டே போகும், இன்றைக்கு ஒரு சாவி யார் கையிலாவது சிக்கினாலும் நேற்றைய செய்தியை அதை வைத்துத் திறக்க முடியாது. செஷன் சொந்த நெறிமுறைக்கு மாறியபோது இதைக் கைவிட்டது. பெயர் தெரியாமல் இருப்பதற்காக இதை விட்டுக்கொடுத்தார்கள் என்று புரிந்துகொள்கிறேன். ஒரு செய்தியாளரிடம் முகம் காட்டாமல் தகவல் கொடுப்பவருக்கு அந்தப் பேரம் ஒத்துவரலாம். அக்கா தங்கைக்கு ஒத்துவராது, அவர்கள் யார் என்று இருவருக்கும் தெரியும், மறைக்க வேண்டியது பேச்சை.

மழைக்காகிதம்:

அது சரி. நான் என் நிலைமையிலிருந்து பேசிவிட்டேன். என்னை ஒருவர் நம்பரை வைத்தே இரண்டு வருடம் துரத்தினார். எந்த ஆப்பில் கணக்குத் திறந்தாலும் மறுநாளே செய்தி வரும். நம்பர் கேட்காத ஒன்றுக்குப் போனபிறகுதான் நிம்மதியாக மூச்சு விட்டேன். இதைப் படிக்கிறவர்களில் அப்படி யாராவது இருந்தால் அவர்களுக்காக எழுதினேன். திரீமாவும் அந்த வகைதான், சுவிட்சர்லாந்தில் இருக்கிறது, 8 எழுத்து அடையாளம் கொடுப்பார்கள், நம்பர் கட்டாயம் இல்லை. காசு கொடுத்து வாங்க வேண்டும், அதனாலேயே எதிராளியை வரவழைப்பது கஷ்டம். பிரையர் இணையம் அறுந்தாலும் பக்கத்தில் இருப்பவரோடு புளூடூத், வைஃபை வழியாகப் பேசும், ஆனால் ஐஃபோனில் கிடையாது.

கதிர்_நிரல்:

நிலாமுற்றம் யாரிடமிருந்து மறைக்கிறார்? வேலையிடத்தில் இருக்கும் ஒருவரிடமிருந்து. மழை யாரிடமிருந்து மறைந்தார்? துரத்துகிறவரிடமிருந்து. இரண்டு பூட்டும் வேறு வேறு. இதைச் சொல்லாமல் ஆப் பெயரை மட்டும் அடுக்கினால் கேட்பவருக்குத் தலைதான் சுற்றும்.

எந்த ஆப்பாக இருந்தாலும், அதிகாரப்பூர்வ ஆப் மட்டும். கூடுதல் வசதி என்று சொல்லி ஏபிகே கோப்பாக, அதாவது ஆப் ஸ்டோருக்கு வெளியே நேரடியாக நிறுவும் கோப்பாக, சுற்றும் மாற்றியமைத்த வாட்ஸ்அப்பைத் தொடவே கூடாது. 2025-இல் அமெரிக்க உயர் அதிகாரிகள் சிக்னல்போலவே இருக்கும் டெலிமெசேஜ் என்ற மாற்று ஆப்பைப் பயன்படுத்தியது வெளியே வந்தது, செய்திகளைச் சேமித்து வைப்பதற்காகச் சிக்னலைத் திருத்திச் செய்தது. மே மாதம் அதன் சர்வருக்குள் ஆள் புகுந்துவிட்டார்கள். பெயரும் தோற்றமும் சிக்னல், பாதுகாப்பு மட்டும் இல்லை.

எழிலி:

ஆள் வருவார்களா என்பதைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் 2021 ஜனவரியில், வாட்ஸ்அப் புதுக் கொள்கை என்று பெரிய பேச்சாக இருந்தபோது, குடும்பத்தில் பதினாறு பேரைச் சிக்னலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அந்த வாரம் உலகமே அங்கே போனதில் சிக்னல் சர்வரே ஒரு நாள் படுத்துவிட்டது. மார்ச் மாதம் பார்த்தால் குழுவில் நான் மட்டும் குட் மார்னிங் போட்டுக்கொண்டிருந்தேன். எல்லோரையும் எல்லாவற்றுக்கும் மாற்ற முயன்றதுதான் என் தப்பு. இரண்டாம் முறை என் தம்பியையும் மகளையும் மட்டும் அழைத்தேன், பண விஷயம், உடம்பு விஷயம், ஐடி கார்டு படம் இது மட்டும் இங்கே என்று சொன்னேன். இன்று வரை அது நடக்கிறது. கல்யாணப் பத்திரிகையும் பிறந்தநாள் வாழ்த்தும் வாட்ஸ்அப்பிலேயே இருக்கட்டும்.

பேக்கப்பில் நான் அடிபட்டதையும் சொல்லிவிடுகிறேன். ஃபோன் தண்ணீரில் விழுந்து செத்தது, சிக்னலில் பேக்கப் போடவில்லை, அப்பாவின் கடைசி வாய்ஸ் மெசேஜ்கள் எல்லாம் அதோடு போய்விட்டன. அவர்கள் சர்வரில் எதையும் வைப்பதில்லை என்பதற்கு இதுவும்தான் அர்த்தம். 2025 செப்டம்பரில், முதலில் ஆண்ட்ராய்டில், பூட்டிய பேக்கப் வசதி கொண்டுவந்தார்கள், 64 எழுத்துள்ள ஒரு மீட்புச் சாவி தருவார்கள். அதைக் காகிதத்தில் எழுதி அலமாரியில் வையுங்கள். தொலைத்தால் அவர்களாலும் திறந்து தர முடியாது. வைத்துக்கொள்ள வேண்டிய குரல் ஏதாவது இருந்தால் இன்றைக்கே தனியாக எடுத்து வையுங்கள்.

நிலாமுற்றம்:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன், லாக் அவுட் செய்தேன், பின் போட்டேன். அக்காவின் பட்டியல் காலியாகத்தான் இருந்தது. அவள் பேக்கப்பில் பூட்டு இல்லை, போட்டுவிட்டாள். ஆபீஸில் மேலே எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், அதன் விவரம் இங்கே வேண்டாம்.

எழிலி அக்கா சொன்னதுபோல் ஐந்து பேரையும் இழுக்கவில்லை. நானும் அக்காவும் அம்மாவும் மட்டும் சிக்னல். யூசர்நேம் வைத்தாகிவிட்டது, நம்பரை வைத்துத் தேட முடியாதபடி மாற்றியாகிவிட்டது, பின் இல்லாமல் என் நம்பரை வேறு ஃபோனில் பதிவு செய்ய முடியாதபடி பதிவுப் பூட்டும் போட்டாகிவிட்டது. பூட்டிய திரையில் பெயரும் வராது, செய்தியும் வராது, புதிய செய்தி என்று மட்டும் காட்டும்.

நேற்று ராத்திரி அம்மாவோடு சிக்னலின் பாதுகாப்பு எண்ணைச் சரிபார்த்தோம், இரண்டு ஃபோனிலும் ஒரே எண் வந்தால் நடுவில் யாரும் இல்லை என்று அர்த்தம். அம்மா வேறு ஊரில் இருக்கிறார், அதனால் வீடியோ காலில் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாசித்தோம். 60 இலக்கம், ஐந்தைந்தாகப் பன்னிரண்டு கூட்டம். நான் ஒரு கூட்டம் வாசிக்க, அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு விரலை வைத்து அடுத்ததை வாசித்தார். ஏழாவது கூட்டத்தில் ஒரு எண் இடித்தது, எனக்கு நெஞ்சு நின்றுவிட்டது. அம்மா ஒரு வரி தாவிவிட்டார், அவ்வளவுதான். முதலிலிருந்து மறுபடியும் வாசித்தோம். முடிந்ததும், இவ்வளவு எண்ணை வாசித்து அப்படி என்ன பேசப் போகிறோம் என்று அம்மா கேட்டார். அப்போதுதான் அந்த ரிப்போர்ட்டைப் பற்றி அவரிடம் சொன்னேன்.

குறித்த நாளில் தானாக அழியும் மறையும் செய்திக்கு எத்தனை நாள் வைப்பது என்று ஒரு சந்தேகம். அக்கா ஒரு நாள் என்கிறாள்.

தொலைவிளக்கு:

மருத்துவர் சொன்னதைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும், ஒரு நாள் ரொம்பக் குறைவு. 4 வாரம் வையுங்கள். ரிப்போர்ட் படத்தைச் சாட்டில் விடாமல் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், காலரியிலிருந்து தானாக கிளவுடுக்குப் போய்விடாத ஒரு இடத்தில். எதிரில் இருப்பவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் மறையும் செய்தியால் ஒன்றும் செய்ய முடியாது, உங்கள் மூவருக்குள் அந்தக் கவலை இல்லை.

நிலாமுற்றம்:

4 வாரமே வைத்துவிட்டோம். அம்மா எழுதும் செய்திகளை மட்டும் ஒரு நோட்டில் எடுத்து எழுதி வைக்கிறேன்.